அப்பா கண்டுபிடித்த ஜன்னல் ஃபேன்

“இந்த வூட்டுக்குள்ள ஏ.சி.ன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, நான் மொட்டை மாடியில குடித்தனம் பண்ணுவேன்” என்று சித்திரை வெயிலில் அப்பா சபதம் செய்தார். சபதம் செய்யும்போது அவர் தலையில் ஈரத்துண்டு இருந்தது.

அப்பா பழமலைநாதன், கம்மாபுரம் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு விதி இருக்கும். எதைச் செய்யச் சொன்னாலும் ஒரு விதிவிலக்கு இருக்கும். அம்மா அம்புஜவல்லி, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மை யூனிட் நடத்துகிறாள். களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, எடுத்துக் காயவைத்து, சூளையில் சுட்டு, கண் எழுதி, கொலுவுக்கு அனுப்புகிற வேலை. பகல் முழுக்கச் சூளைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறவள் கேட்டது ஒன்றே ஒன்று. நடு ரூமுக்கு ஒரு ஏ.சி.

நியாயமான கோரிக்கை. இருந்தும் நான் அப்பா பக்கம்தான் நின்றேன்.

காரணம் இருக்கிறது. நான் சிதம்பரத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். அப்போது பருவநிலை நீதி பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு காலேஜ் பட்டிமன்றத்தில் பேசுகிறவள். வாதாட ஒரு தலைப்பு கிடைத்துவிட்டால் எனக்கு அம்மா, அப்பா என்று யாரும் கிடையாது. எங்கள் அணி, எதிரணி, அவ்வளவுதான். பெண்ணுரிமை பேசுகிறவளும்கூட. உழைத்துக் களைத்த ஒரு பெண் கொஞ்சம் குளிர்ந்த காற்று கேட்கிறாள், அதை மறுக்கிற ஆணுக்கு வக்கீலாக நிற்கிறோமே என்று உறுத்தவில்லையா என்று கேட்டால், உறுத்தியது. ஆனால் தலைப்பு ரொம்ப நன்றாக இருந்தது.

“அம்மா, ஏ.சி.ங்கறது குளிரை உண்டாக்குற மெஷின் இல்ல. நம்ம சூட்டை அள்ளி வெளிய கொட்டுற மெஷின். குப்பையை அடுத்தவங்க வாசல்ல கொட்டிட்டு எங்க வூடு சுத்தமா இருக்குதுன்னு சொல்ற மாதிரி.”

“பக்கத்து வூட்டு ராஜமாணிக்கம் போட்டிருக்காரே?”

“அவரு பண்ற தப்பை நாமளும் பண்ணணுமா?”

“அவரு வூட்டு சூட்டை எங்க கொட்றாரு?”

“பொதுவெளியில.”

“பொதுவெளியிலயா, சரி” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அம்மா விவாதத்தை இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படித்தான் இருபத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜெயித்த கையோடு அப்பா மாற்று ஏற்பாடு தேடிக் கிளம்பினார். ஜங்ஷன் பக்கம் அகஸ்டின் அண்ணன் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். அப்பா போனது கேட்டுக்கு ஒரு கீல் வாங்க. திரும்பி வந்தபோது வண்டியின் பின் சீட்டில், கயிற்றால் கட்டப்பட்டு, ஒரு இரும்புப் பெட்டி கூடவே வந்தது. சதுரச் சட்டம். முன்னும் பின்னும் துருப்பிடித்த கம்பி வலை. நடுவில் நாலு பித்தளை இறக்கைகள். இறக்கைகளுக்கு நடுவே குருவி கட்டிவிட்டுப் போன கூடு.

“என்னாங்க இது, ஏரோப்ளேன் மூஞ்சி மாதிரி?” என்றாள் அம்மா.

“ஜன்னல் ஃபேன். வெள்ளைக்காரன் காலத்து சரக்கு. சுரங்கத்துக்கு நெலத்தைக் குடுத்துட்டு டவுனுக்குப் போன ஒரு பண்ணைக்காரரு வூட்டு ஜன்னல்ல இருந்துச்சாம். அகஸ்டின் கடையில எத்தனை பேரு போறான் வரான், ஒருத்தன் கண்ணுலயும் படலை. என் கண்ணுல பட்டுச்சு.”

“அது இன்னா, சைடுல ஒரு கைப்பிடி?”

“கேட்டியே, அதுலதான் விஷயமே இருக்குது. மேல தள்ளுனா வெளிக்காத்தை உள்ள இழுக்கும். கீழ தள்ளுனா உள்காத்தை வெளிய தள்ளும். ஏ.சி.க்கெல்லாம் அப்பன்.”

“ஓடுமா?”

“ஓட வைப்பேன்.”

“நீங்களா?”

ஒரே ஒரு சொல். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தின் மொத்த மதிப்பெண்ணும் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம் எல்லாமே அப்பா கைபட்ட பிறகுதான் நிம்மதியாக ஓய்வெடுக்கத் தொடங்கின. அப்பாவின் மீசை துடித்தது.

“இது ஓடிட்டா என்னா பண்ற?”

“ஓடிட்டா ஏ.சி. பேச்சை என் வாயால எடுக்க மாட்டேங்க.”

“பூர்ணி, நீதான் சாட்சி.”

சாட்சியோடு நான் நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் பலவீனமாக இருப்பதாக எனக்குப் பட்டது. “‘எக்காரணம் கொண்டும்’னு சேர்த்துக்கம்மா” என்றேன். அம்மா மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டாள். எக்காரணம் கொண்டும் ஏ.சி. பேச்சைத் தன் வாயால் எடுக்க மாட்டாள். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். சட்டம் படிக்க வைத்திருக்கலாம் என்கிற பார்வை.

அதற்குப் பிறகு எங்கள் ஹால் ஒர்க் ஷாப் ஆனது. பேரிங் மண்ணெண்ணெயில் ஊறியது, ஊறிய பாத்திரம் அம்மாவின் குழம்புச் சட்டி. ஸ்க்ரூக்கள் அஞ்சறைப் பெட்டியில் வகைவாரியாகக் குடியேறின. கடுகு தாளிக்கப் போன அம்மா ஒருநாள் வாஷரைத் தாளித்தாள். கம்பிச் சுருள் கருகிப் போயிருந்ததால் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்ப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டு வந்தது. பித்தளை இறக்கைகளைப் புளி போட்டுத் தேய்த்தவள் நான். பருவநிலை நீதிக்காக இதுவரை நான் செய்த ஒரே உடலுழைப்பு அதுதான். மூன்று விரலில் தோல் உரிந்தது.

ஒரு சின்னச் சிக்கல். ஃபேன் நடு ரூம் ஜன்னலைவிடப் பெரிதாக இருந்தது. ஃபேனை அறுக்க முடியாது. ஜன்னலை அறுத்தார்கள்.

இத்தனைக்கும் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. யூனிட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் எட்டிப் பார்ப்பாள். “அந்தக் கைப்பிடி சரியா வேலை செய்யுதான்னு பாத்துக்குங்க. கீழ தள்ளுனா வெளிய தள்ளணும்” என்பாள். அப்பா என்னிடம் கண்ணைக் காட்டுவார். எதிரணிக்கே ஆர்வம் வந்துவிட்டதாம்.

கடைசியில் கம்பி வலையின் துரு. அதற்கு அப்பா ஒரு விதி கண்டுபிடித்தார்.

“பெயிண்ட் அடிச்சா உரியும். பீங்கான் பூச்சு அடிச்சா உரியாது. எங்கயாவது டீ கப்பு துரு புடிச்சுப் பாத்திருக்கியா? அம்புஜம், யூனிட்டுலேர்ந்து ஒரு வாளி கிளேஸ் எடுத்துட்டு வா.”

“ஏங்க, கிளேஸு சூளையில…”

“எனக்குத் தெரியும்.”

“இல்லங்க, அதைச் சுடாம…”

“அம்புஜம், நான் சயின்ஸ் வாத்தியாரு.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அம்மா வாய் மூடுவது சூளைக் கதவு மூடுவது மாதிரி. உள்ளே என்ன வேகிறது என்பது திறக்கும்போதுதான் தெரியும். எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. கிளேஸ் என்பது கண்ணாடித் தூளைத் தண்ணீரில் கரைத்து வைத்தது. சூளையில் உருகினால்தான் பளபளவென்று ஒட்டும். அதுவரைக்கும் அது காய்ந்த கோலமாவு. அப்பா அதைக் கம்பி வலையில் மூன்று கோட் அடித்து மொட்டை மாடியில் காயவைத்தார். “அக்கினி நட்சத்திரத்துல நம்ம மாடியே சூளைதான்” என்றார். வலை பௌர்ணமி நிலா மாதிரி வெளுத்துக்கொண்டு இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறப்பு விழா. தோற்றுப்போனவரின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக ஏ.சி. வைத்திருக்கும் ராஜமாணிக்கம் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். அப்பா ஃபேனுக்குக் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். “விஞ்ஞானத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா ஒரு இதுக்கு” என்று விளக்கமும் கொடுத்தார். நான் காற்றின் பொதுவுடைமை பற்றிச் சுருக்கமாகப் பேசினேன். சுருக்கமாக என்றால் ராஜமாணிக்கம் ஒரு தடவைதான் கொட்டாவி விட்டார்.

அப்பா சுவிட்சைப் போட்டார்.

முதலில் பெண்ணாடம் சுகர் மில் சங்கு மாதிரி ஒரு ஊளை. அப்புறம் இறக்கைகள் சுற்றின. சத்தியமாகச் சுற்றின. அடுத்த கணம் மூன்று கோட் கிளேஸும் வலையை விட்டுக் கிளம்பி ரூமுக்குள் வந்தது.

தூசி அடங்கிய பிறகு பார்த்தால் எங்கள் வீட்டில் கொலு வைத்திருந்தது. ராஜமாணிக்கம் தொப்பையும் துண்டுமாக, கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை. சுவிட்சில் கை வைத்தபடி அப்பா, ஆசீர்வதிக்கும் கோலத்தில் ஒரு முனிவர். வாயைத் திறந்தபடி நான், கிளி. அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முன்கூட்டியே.

“ஓடுதா இல்லையா?” என்றது முனிவர்.

“ஓடுது சார்” என்றது செட்டியார் பொம்மை, தும்மிக்கொண்டே. “ஆனா காத்து ஏன் சார் இப்படிக் கொதிக்குது?”

கொதித்தது உண்மைதான். சூளை வாயில் முகத்தை வைத்த மாதிரி ஒரு அனல். அப்பா விதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, இது நம்ம ஏ.சி. காத்து சார். சந்துல நம்ம அவுட்டோர் யூனிட்டு நேரா இந்த ஜன்னலைப் பாத்துதான் மாட்டியிருக்குது. உள்ள எங்க வூட்டுல தூங்குறாங்க, பதினெட்டுல வெச்சு.”

அம்மா முந்தானையை விலக்கினாள். “பாப்பா, பொதுவெளி பொதுவெளின்னு சொன்னியே, அது நம்ம நடு ரூமுதானா?”

என் வாதம் ஒன்று இவ்வளவு சூடாக நிரூபணமானது அன்றைக்குத்தான். அப்பா அவசரமாகக் கைப்பிடியைக் கீழே தள்ளினார். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளியது. காலியான இடத்தில் அடுப்பங்கரையிலிருந்து கருவாட்டுக் குழம்பின் ஆவி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஆனால் ஃபேன் ஓடியது. அதை யாரும் மறுக்க முடியாது. அம்மாவும் மறுக்கவில்லை.

“ஓடுதுங்க. நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன். ஏ.சி. பேச்சை இனிமே என் வாயால எடுக்க மாட்டேன்.”

ஜெயித்தோம். அந்த வெற்றியை நானும் அப்பாவும் வியர்க்க வியர்க்க அனுபவித்தோம்.

ஆடி பிறந்தது. சாயங்காலத்தில் தூறல் போட ஆரம்பித்தது. அம்மா ஒருநாள் ஃபேனைத் துணியால் துடைத்தபடியே சொன்னாள். “ஏங்க, எவ்ளோ நல்ல ஃபேனு. ராஜமாணிக்கம் வூட்டு சூட்டை இழுத்துக்கிட்டு கிடக்குதேன்னு பாவமா இருக்குது.”

“இன்னா பண்றது, அவன் யூனிட்டைத் திருப்ப மாட்டேங்கறான்.”

“எங்க யூனிட்டு ஷெட்டுல பொம்மை காயவே மாட்டேங்குதுங்க. ஈரத்தோட சூளைக்குப் போச்சுன்னா வெடிச்சுடும். கொலு ஆர்டரு பூரா நிக்குது, போன வருஷம் மாதிரி பாதி வெடிச்சா யூனிட்டையே மூட வேண்டியதுதான். இது ஈரக்காத்தை வெளிய தள்ளுமான்னு தெரியல. அவ்ளோ பெரிய ஷெட்டுக்கு இதால முடியாதுன்னு நெனைக்கிறேன்.”

“முடியாதா? யாரு சொன்னது?”

மறுநாள் ஃபேன் யூனிட்டுக்குப் போனது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார் அப்பா. கூடவே அவரும் போனார். மற்றவர்கள் மாட்டினால் கோணலாகிவிடுமாம்.

ஃபேன் போனது. அது உட்கார்ந்திருந்த ஓட்டை போகவில்லை. அதன் வழியாக ராஜமாணிக்கத்தின் அனல் வந்தது, கொசு வந்தது, அவர் வீட்டுப் பூனை வந்து என் கட்டுரை மேல் படுத்தது. அப்பா அட்டை வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் ஃபிளெக்ஸைக் கட்டிப் பார்த்தார். நாள் முழுக்க ஒருவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“இந்த ஓட்டைக்கு என்னாதான் பண்றது?” என்றார் அப்பா.

“தெரியலீங்களே.”

“ஏதாவது யோசனை சொல்லேன்.”

“எனக்கு ஒண்ணு தோணுதுங்க. ஆனா நான் சொல்லக் கூடாது. பூர்ணி ‘எக்காரணம் கொண்டும்’னு சேர்த்துட்டா.”

அப்பா என்னைப் பார்த்தார். சட்டம் படிக்க வைக்காதது நல்லதாய்ப் போயிற்று என்கிற பார்வை. அப்புறம் ஓட்டையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஜன்னல் ஏ.சி.ன்னு ஒண்ணு இருக்குது. அளந்து பாத்தேன், சரியா உட்காருது. ஏ.சி.க்காகச் சொல்லல. ஓட்டையை அடைக்கணுமே, அதுக்குத்தான்.”

“நீங்க சொன்னா சரிங்க” என்றாள் அம்மா.

அடைப்பு வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இன்றுவரை அடைப்புதான். “அடைப்பைக் கொஞ்சம் கூட்டி வை” என்பார் அப்பா. சபதத்தை மதித்து முதல் நாள் பாயோடு மொட்டை மாடிக்குப் போனார். கொசு அவரைத் திருப்பி அனுப்பியது. அடைப்பின் சூடு தன் வீட்டுக்கு வருவதாக ராஜமாணிக்கம் புகார் சொல்ல வந்தார். “அது பொதுவெளிங்க” என்று அப்பா அவரை அனுப்பினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். ஃபேன் வேலைக்காக அப்பா இரவல் வாங்கிவந்த ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க நான் அகஸ்டின் அண்ணன் கடைக்குப் போனேன்.

“ஃபேனு எப்படிம்மா ஓடுது? ஷெட்டுக்கு அக்கா நெனைச்ச மாதிரியே அமைஞ்சுதா?”

“எந்த அக்கா?”

“உங்க அம்மாதான். பொங்கல் கழிச்சு வந்தாங்களே. கிடந்த ஃபேனையெல்லாம் பாத்தாங்க, காத்தை வெளிய தள்ளுறது இது ஒண்ணுதான்னு புடிச்சாங்க. அதுல இருக்குற வெள்ளைக்காரக் கம்பெனி பேருத் தகட்டை முந்தானையால தொடச்சு, வாசல்லேர்ந்தே தெரியுற மாதிரி வைக்கச் சொன்னாங்க. சாரு கேட்டா, விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லணும்னாங்க. நானும் சொன்னேன். ரெண்டாந்தடவை சொல்றதுக்குள்ள சாரு வண்டியில கட்டிட்டாரு.”

பொங்கல் கழித்து. ஏ.சி. பேச்சு வீட்டில் தொடங்கியது சித்திரையில். நான் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே யூனிட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க உரை தயாரானது. தலைப்பு: குடும்ப ஜனநாயகத்தில் வெளிப்படைத்தன்மை.

அம்மா பலகையில் உட்கார்ந்து ஒரு கிருஷ்ணனுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது பச்சை ஏமாத்து வேலை.”

“எதும்மா?”

“எல்லாம்தான். அகஸ்டின் அண்ணன் சொல்லிட்டாரு. ஷெட்டுக்கு ஃபேன் வேணும்னா அப்பாகிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல?”

“வருஷா வருஷம் கேட்டேனே. ஜன்னலைத் தொறந்து வை, வெப்பச்சலனம்னாரு.”

“சரி, நீயே புதுசா வாங்கியிருக்கலாம். உன் யூனிட்டு, உன் சம்பாத்தியம். அதுக்கு ஒரு ஆம்பளை பர்மிஷன் எதுக்கு? இந்தத் தந்திரமெல்லாம் அடிமைங்க பண்றது.”

அம்மா தூரிகையைக் கலர்ச் சட்டியில் தொட்டாள்.

“புது ஃபேனு வாங்குனா ஃபேனு மட்டும்தான் வரும் பாப்பா. அங்க பாரு.”

ஷெட்டைப் பார்த்தேன். என் ஃபேன் கடகடவென்று ஈரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஸ்டூலில் ஏறி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய்க் குடுவையோடு அப்பா. யூனிட் தொடங்கிய நாளிலிருந்து “பொம்மை வேலை” என்று சொல்லி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். அவர் இறங்கியதும் அம்மாவிடம் வேலை செய்யும் வீரம்மாள் ஒரு தட்டு நிறையப் பொம்மைகளை அவர் கையில் கொடுத்தாள். “சாரு, மேல் தட்டுல வைங்க. மூஞ்சி காத்தைப் பாக்கக் கூடாது, விரிசல் வுட்டுடும்.” அப்பா ஒவ்வொரு பொம்மையாக முதுகைத் திருப்பி வைத்தார். ஒரு விதியும் சொல்லவில்லை.

“ஸ்கூலு விட்டா நேரா இங்கதான் வராரு” என்றாள் அம்மா. “அவரு ஃபேனாச்சே, வேற யாரையும் தொட வுட மாட்டாரு. இந்த வருஷம் ஒரு பொம்மைகூட வெடிக்கல.”

“அப்ப ஏ.சி.?”

“அதை எங்க நான் வாங்குனேன்? உங்க அப்பாதானே வாங்குனாரு.”

“அப்பாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு. கோவத்துல ஃபேனைக் கழட்டிக்கிட்டு வந்து பழைய இடத்துலயே மாட்டுவாரு. மாட்டணும்னா அடைப்பைக் கழட்டணும். உன் கட்டுரை இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி?”

ஒன்று. வெப்பமும் வர்க்கமும். அதை நான் இருபத்திரண்டு டிகிரியில், போர்வைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு சூழல் கனிய வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். சரியாக அந்த நேரத்தில் அப்பா கையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். ஓரத்தில் வீரம்மாள் டிரம்முக்குள் கட்டையை விட்டுக் களிமண்ணைக் கரைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அம்புஜம், அகஸ்டின் கடை வாசல்ல ஒரு பழைய வாஷிங் மெஷினு நிக்குது. நேத்து பாத்தேன். மோட்டாரு சிங்கம் மாதிரி இருக்குது. அதுல இந்த மண்ணைக் கரைச்சா இன்னா?”

அம்மா கிருஷ்ணனின் கண்ணிலிருந்து தூரிகையை எடுக்கவில்லை.

“வேணாங்க. அதெல்லாம் உங்களால ஆவாது.”

அப்பா சட்டைப் பையைத் தடவினார், வண்டிச் சாவியைக் காணோம். பலகை மேலே கிடந்ததை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.